வீட்டு ஐக்கியக் கூட்டம்: தொடங்குவதிலிருந்து இரண்டாகப் பிரிப்பது வரை

வீட்டு ஜெபக்குழு, ஐக்கியக் கூட்டம், செல் குழு, அன்பியம் என்று சபைக்குச் சபை பெயர் வேறுபடும். ஒரு வீட்டில் சிலர் வாரந்தோறும் கூடி, வேதம் வாசித்து, ஒருவருக்காக ஒருவர் ஜெபித்து, அந்த விசுவாசத்தை மற்ற ஆறு நாளும் வாழ முயல்வது என்பதுதான் எல்லாவற்றுக்கும் பொது. அப்படியொரு கூட்டத்தை முதன்முறையாகத் தொடங்குகிறவருக்காக இதை எழுதுகிறேன்.

பல ஆண்டுகளாக இந்தக் குழுக்களில் இருந்திருக்கிறேன். சிலவற்றை நடத்தியும் இருக்கிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பாடம் நடத்தத் தெரியாமல் தடுமாறுவதைவிட, “வாசித்ததிலிருந்து ஒன்றைச் செய்வதாகப் போன வாரம் எடுத்த தீர்மானம் என்னாயிற்று?” என்று கேட்கத் தயங்கியே அதிகம் தடுமாறுகிறார்கள். கீழே உள்ள படிகளில் பாதிக்கு மேல் அந்தக் கேள்வியைக் கேட்கவும், அதற்கு உண்மையாகப் பதில் சொல்லவும் இடம் உண்டாக்குவதற்காகத்தான்.

## 1. யாரையும் அழைப்பதற்கு முன்

முதலில் உங்கள் போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ சொல்லுங்கள். அனுமதி வாங்குவது அதில் ஒரு பகுதிதான். உங்களால் தாங்க முடியாத ஒரு பிரச்சினை குழுவில் எழும் நாளில் திரும்பிப் பார்க்க ஒருவர் வேண்டும். சபைக்குத் தெரியாமல் தொடங்கும் குழு, நல்ல எண்ணத்தோடு தொடங்கினாலும், ஆறு மாதத்தில் “அங்கே என்ன நடக்கிறது?” என்ற சந்தேகத்துக்கு ஆளாகிவிடும்.

அடுத்து, உங்களோடு தோள் கொடுக்க இன்னொருவரைத் தேடுங்கள். தனியாக நடத்துகிறவர் காய்ச்சலில் படுத்தால் அன்றைக்குக் கூட்டமே இல்லை. தொடக்கத்திலிருந்தே இரண்டு பேர் இருந்தால், இது ஒருவருடைய சொந்த ஊழியம் என்ற எண்ணமும் வளராது. இயேசு சீஷர்களை இரண்டிரண்டு பேராக அனுப்பினார் என்று மாற்கு 6-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம்.

கூட்டம் நடத்துகிறவரும் வீடு கொடுக்கிறவரும் வெவ்வேறு ஆட்களாக இருப்பது நல்லது. வீட்டுக்காரருக்குக் கதவு திறப்பது, நாற்காலி போடுவது, அழும் குழந்தையைப் பார்ப்பது என்று வேலை வந்துகொண்டே இருக்கும். பாடத்தில் அவர் மனம் நிற்காது. வீடு கொடுக்கிறவரிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: விருந்து வேண்டாம், குடிக்க ஏதாவது போதும். முதல் வீட்டில் பலகாரம் அடுக்கிவிட்டால், அடுத்த முறை வீடு கொடுக்க வசதி குறைந்தவர் கூச்சப்படுவார். கொரிந்து சபையில் இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களே என்று பவுல் கண்டித்ததும் கூடிச் சாப்பிடும் இடத்தைப் பற்றித்தான்.

கடைசியாக, முடிவுத் தேதி வையுங்கள். “பன்னிரண்டு வாரம் கூடுவோம், பிறகு தொடரலாமா என்று சேர்ந்து பேசுவோம்.” முடிவே சொல்லாமல் அழைத்தால் பலர் தயங்குவார்கள். வந்தவர்களும் விலக நினைக்கும்போது காரணம் சொல்ல முடியாமல் மெல்ல மெல்லக் காணாமல் போவார்கள். அந்தக் காணாமல் போதல் இருப்பவர்களின் மனதைத் தளர்த்திவிடும்.

## 2. எத்தனை பேர், யார் யார்

ஆறிலிருந்து பத்துப் பேர். கணக்கு எளிது. ஒவ்வொருவரும் மூன்று நிமிடம் பேசினால் பத்துப் பேருக்கு அரை மணி நேரம். இருபது பேரென்றால் ஒரு மணி நேரம் அதற்கே போய்விடும். அதனால் பெரிய குழுவில் நான்கு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் கேட்டுவிட்டுப் போவார்கள். கேட்டுவிட்டுப் போவதற்கு ஞாயிறு ஆராதனை இருக்கிறதே.

பொது அறிவிப்பு கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். ஒவ்வொருவரையும் நேரில் கேளுங்கள். அறிவிப்பைக் கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே மூன்று கூட்டங்களுக்குப் போகிறவர்கள். ஆராதனை முடிந்ததும் யாரோடும் பேசாமல் கிளம்புகிறாரே, அவரை யாராவது தனியாகக் கூப்பிட்டால்தான் வருவார்.

ஒரே வயது, ஒரே வேலை, ஒரே வசதி உள்ளவர்களாகச் சேர்த்தால் பேச்சு சுலபமாக ஓடும், ஆனால் குழு ஆழப்படாது. பொன்மோதிரம் போட்டவருக்கு நல்ல இடமும், கந்தை உடுத்தியவருக்குக் காலடியும் காட்டுகிறீர்களே என்று யாக்கோபு கேட்ட கேள்வி, அழைப்புப் பட்டியல் எழுதும்போதே நம்மிடம் கேட்கப்படுகிறது. பட்டியலை எழுதிய பிறகு ஒருமுறை படித்துப் பாருங்கள். உங்களுக்குப் பிடித்தவர்கள் மட்டும்தான் அதில் இருந்தால், இன்னும் இரண்டு பேரைச் சேருங்கள்.

## 3. என்ன வாசிப்பது

ஒரு புத்தகத்தை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை வாசியுங்கள். வாரம் ஒரு தலைப்பு என்று போனால், நடத்துகிறவருக்குப் பிடித்த தலைப்புகளே சுற்றிச் சுற்றி வரும். புத்தகத்தை வரிசையாக வாசிக்கும்போது, நாம் தவிர்க்க நினைக்கும் பகுதியும் ஒருநாள் முன்னால் வந்து நிற்கும்.

புதிய குழுவுக்கு மாற்கு சுவிசேஷம் ஏற்றது. 16 அதிகாரம், நிகழ்ச்சிகள் வேகமாக நகரும், வேதம் பழக்கமில்லாதவருக்கும் கதை புரியும். பன்னிரண்டு வாரத்துக்குள் முடிக்க வேண்டுமென்றால் யாக்கோபு (5 அதிகாரம்) அல்லது பிலிப்பியர் (4 அதிகாரம்) எடுக்கலாம். ஒவ்வொரு அதிகாரத்தையும் இரண்டு மூன்று வாரத்துக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். வெளிப்படுத்தின விசேஷத்தோடு தொடங்க ஆசைப்படுகிறவர் குழுவில் நிச்சயம் ஒருவர் இருப்பார். அவரிடம் அன்பாக, “முதல் ஆண்டு முடியட்டும்” என்று சொல்லுங்கள். விளக்கச் சண்டை வரக்கூடிய இடத்தில் ஒருவரையொருவர் அறியாதவர்களை உட்கார வைக்கக் கூடாது.

மொழிபெயர்ப்பைப் பற்றியும் முன்கூட்டியே பேசுங்கள். சபைகளில் அதிகம் புழங்கும் பழைய மொழிபெயர்ப்பு காதுக்கு இனிமையானது, பலருக்கு மனப்பாடமானது. ஆனால் புதியவர் வாசிக்கையில் நாக்கு தடுக்கும். அப்போஸ்தலர் 2:42-ல் முதல் சபையார் உறுதியாய்த் தரித்திருந்த நான்கில் ஒன்றாக ‘அந்நியோந்நியம்’ வருகிறது. அன்றாடப் பேச்சில் அந்தச் சொல்லைக் கணவன் மனைவி நெருக்கத்துக்குத்தான் கேட்டிருப்போம். அது ஐக்கியத்தைக் குறிக்கிறது என்று யாராவது சொன்னால்தான் புரியும். அதனால் ஒருவர் பழைய மொழிபெயர்ப்பிலும் ஒருவர் எளிய மொழிபெயர்ப்பிலும் வாசிக்கட்டும். யாரையும் திடீரென்று வாசிக்கச் சொல்லாதீர்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கிறவர் ஒருமுறை எல்லார் முன்னும் தடுமாறினால், அடுத்த வாரம் வரமாட்டார்.

## 4. முதல் கூட்டம்

முதல் நாளே பாடத்தில் இறங்க வேண்டாம். ஒருவரையொருவர் அறிவதற்கும், எப்படிக் கூடப்போகிறோம் என்று முடிவெடுப்பதற்கும் அந்த நாள். என் குழுக்களில் நான்கு விஷயங்களை எல்லாரும் வாயால் ஒத்துக்கொள்வோம். இங்கே பேசுவது வெளியே போகாது. சொன்ன நேரத்துக்குத் தொடங்கி, சொன்ன நேரத்துக்கு முடிப்போம். வர முடியாவிட்டால் ஒரு வார்த்தை தெரிவிப்போம். ஒருவருக்கொருவர் கடன் கேட்பதோ, பொருள் விற்பதோ, சீட்டுக்கு ஆள் சேர்ப்பதோ கிடையாது. கடைசியாகச் சொன்னதை முதல் நாளே சொல்லாவிட்டால், பிறகு ஒருவரை நோக்கிச் சொல்ல வேண்டிவரும். அது மிகவும் வலிக்கும்.

அப்புறம், பிலேமோனுக்கு எழுதின நிருபத்தை முழுதாக வாசியுங்கள். மொத்தமே 25 வசனம், ஐந்து நிமிடத்துக்குள் முடியும். முதல் கூட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான பகுதியை நான் பார்த்ததில்லை. ஒரு வீட்டில் கூடிய சபைக்கும் சேர்த்து எழுதப்பட்ட கடிதம் அது. பிலேமோனைவிட்டுப் போன அடிமையான ஒநேசிமுவை இனி பிரியமான சகோதரனாக ஏற்றுக்கொள்ளும்படி அந்த வீட்டுத் தலைவரான பிலேமோனிடம் பவுல் கேட்கிறார். அவன் பட்ட கடன் ஏதாவது இருந்தால் அதை என் கணக்கில் வையும் என்கிறார். விசுவாசம் ஒரு வீட்டின் வாசலுக்குள் வந்து, “இப்போது என்ன செய்யப்போகிறாய்?” என்று கேட்பதை எல்லாரும் சேர்ந்து பார்க்கலாம்.

## 5. ஒரு மாலையின் வரிசை

தொண்ணூறு நிமிடம் போதும். வந்து அமர்ந்து ஒரு பாட்டு, தொடக்க ஜெபம்: பத்து நிமிடம். போன வாரத் தீர்மானம்: பதினைந்து. வேதப் பகுதி: முப்பத்தைந்து. இந்த வாரத் தீர்மானம்: பத்து. ஜெபம்: இருபது.

இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. போன வாரத் தீர்மானத்தைக் கேட்பதைக் கடைசியில் வைத்தால், நேரமாகிவிட்டது என்று ஒவ்வொரு வாரமும் தள்ளிப்போகும். மூன்று வாரம் தள்ளிப்போனால், அது முக்கியமில்லை என்று எல்லாரும் புரிந்துகொள்வார்கள். பாடத்துக்கு முன்னால் கேட்டுவிட்டால், கீழ்ப்படிய முயன்று தோற்றவர் அந்தத் தோல்வியோடு வசனத்துக்கு வருவார். அப்படி வருகிறவர் கேட்கும் கேள்விகளே வேறு.

நேரத்துக்கு முடிப்பதில் கண்டிப்பாக இருங்கள். துரோவாவில் பவுல் நடுராத்திரி வரை பேசியபோது ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். பவுல் பேசியும் தூக்கம் வந்தது என்றால் நாம் பேசினால் வராதா? காலையில் வேலைக்குப் போகிறவரும், குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புகிறவரும் நம்பிக்கையோடு வரவேண்டுமானால், முடியும் நேரம் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்னும் பேச விரும்புகிறவர்கள் முடிவு ஜெபத்துக்குப் பிறகு இருந்து பேசட்டும்.

## 6. வேதப் பகுதியைத் திறப்பது

இங்கே செய்யும் பெரிய பிழை பிரசங்கம் பண்ணுவது. நடத்துகிறவர் நன்றாகத் தயாரித்து வந்திருப்பார். தயாரித்ததையெல்லாம் சொல்லிவிட ஆசையாக இருக்கும். ஆனால் அவர் சொல்லச் சொல்ல, மற்றவர்கள் தங்கள் கண்ணால் வசனத்தைப் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள். உங்கள் தயாரிப்பைக் கேள்விகளாக மாற்றிக்கொண்டு வாருங்கள்.

கேள்விகளுக்கும் வரிசை உண்டு. முதலில் கண்ணுக்குத் தெரிவதைக் கேட்பது, பிறகு அதன் பொருள், கடைசியில் அது நம்மிடம் கேட்பது. மாற்கு 2-ல் நடக்க முடியாத திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்துவரும் பகுதியை எடுத்துக்கொள்வோம். “வீட்டுக்குள் ஏன் போக முடியவில்லை? என்ன செய்தார்கள்?” இதற்கு யாரும் பதில் சொல்லலாம், வேதம் புதியவரும் சொல்லலாம். அடுத்து, “இயேசு யாருடைய விசுவாசத்தைக் கண்டார் என்று எழுதியிருக்கிறது?” இங்கே எல்லாரும் மறுபடியும் வேதத்தைப் பார்ப்பார்கள், ஏனென்றால் அங்கே ‘அவர்கள்’ விசுவாசம் என்றிருக்கிறது. அதற்குப் பிறகுதான், “உங்களை யாராவது இப்படிச் சுமந்ததுண்டா? இப்போது யார் சுமக்கப்படக் காத்திருக்கிறார்?”

கடைசிக் கேள்வியை முதலில் கேட்டால் எல்லாரும் தரையைப் பார்ப்பார்கள். முதல் கேள்வியோடேயே நின்றுவிட்டால் அது பள்ளிப் பரீட்சை ஆகிவிடும்.

கேட்டபின் மௌனம் வந்தால் பயப்படாதீர்கள். மனதுக்குள் பத்துவரை எண்ணுங்கள். உங்களுக்கு அது யுகமாகத் தெரியும், ஆனால் யோசிக்கிறவருக்கு அது சற்று நேரம்தான். நீங்களே பதில் சொல்லிவிட்டால், இனி எப்போதும் நீங்களே சொல்வீர்கள் என்று குழு பழகிவிடும்.

அதிகம் பேசுகிறவரை எல்லார் முன்னும் அடக்காதீர்கள். தனியாக, “அக்கா, அந்த மூலையில் இருக்கிற தம்பி இன்னும் வாயே திறக்கவில்லை. அவரைப் பேசவைக்க எனக்கு உதவி பண்ணுங்கள்” என்று கேளுங்கள். பெரும்பாலானவர்கள் சந்தோஷமாக உதவுவார்கள்.

யாராவது கேட்ட கேள்விக்கு விடை தெரியாவிட்டால், “தெரியவில்லை, விசாரித்து அடுத்த வாரம் சொல்கிறேன்” என்று சொல்லுங்கள். அடுத்த வாரம் மறக்காமல் சொல்லுங்கள்.

## 7. தீர்மானம்: எல்லாம் வந்து சேருமிடம்

திருவசனத்தைக் கேட்கிறவர்களாய் மாத்திரமல்ல, அதின்படி செய்கிறவர்களாயும் இருங்கள் என்கிறது யாக்கோபு 1:22. இந்த வசனத்தை எல்லாக் குழுவும் அறியும். ஆனால் நான் முதலில் நடத்திய குழுவில் ஏறக்குறைய ஒரு வருடம் ஒவ்வொரு வாரமும் அழகாகப் பேசினோம். அந்த ஒரு வருடத்தில் யாருடைய வாழ்க்கையில் என்ன மாறியது என்று கேட்டால், என்னால் ஒன்றும் சொல்ல முடிந்திருக்காது. ஒருநாள் எங்களில் ஒருவர் தன் சகோதரனோடு நான்கு வருடமாகப் பேசுவதில்லை என்பது தற்செயலாகத் தெரிந்தது. மன்னிப்பைப் பற்றி அதற்கு முந்தின மாதம்தான் மூன்று வாரம் படித்திருந்தோம். யாரும் யாரிடமும் எதுவும் கேட்டிருக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து கூட்டத்தின் முடிவில் பத்து நிமிடம் ஒதுக்குகிறேன். ஒவ்வொருவரும் ஒரு சிறிய தாளில், வாசித்த பகுதியிலிருந்து இந்த வாரம் செய்யப்போகும் ஒன்றை எழுதுவார்கள். விருப்பமிருந்தால் வாசிக்கலாம். அதில் மூன்று விவரம் இருக்க வேண்டும்: யாரிடம், என்ன, எப்போது.

“இனி எல்லாரிடமும் அன்பாக இருப்பேன்” என்பது எழுதுவதற்கு நன்றாக இருக்கும், ஆனால் அடுத்த வாரம் அதைப் பற்றிக் கேட்க வழியில்லை. “வியாழக்கிழமை மாலை அண்ணனுக்குப் போன் பண்ணி நலம் விசாரிப்பேன்” என்றால் கேட்கலாம். “பொறுமையாக இருப்பேன்” என்பதற்குப் பதில், “காலையில் பிள்ளைகள் கிளம்பும்போது கத்தாமல் இருக்க, அரை மணி முன்னால் எழுந்திருப்பேன்.” பெரிய தீர்மானம் எடுக்க வற்புறுத்தாதீர்கள். நான்கு வருட மனக்கசப்பு ஒரே போனில் தீராது. நலம் விசாரிப்பது முதல் படி.

அடுத்த வாரம் கேட்கும் தொனி மிக முக்கியம். “செய்தீர்களா?” என்று கேட்டால் ஆம், இல்லை என்ற பதில்தான் வரும், இல்லை என்றவர் குற்றவாளிபோல் உட்கார்ந்திருப்பார். “போன வாரம் எழுதினதைச் செய்யப்போனபோது என்ன நடந்தது?” என்று கேளுங்கள். போனை எடுத்தேன், வைத்துவிட்டேன் என்பதும் இதற்கு ஒரு பதில். அப்படிச் சொன்னவரைச் சுற்றித்தான் எங்கள் குழுவின் மிக உண்மையான ஜெபங்கள் நடந்தன.

முதலில் நீங்கள் சொல்லுங்கள், அதுவும் தோற்றதைச் சொல்லுங்கள். நடத்துகிறவர் வெற்றிச் சாட்சியையே சொல்லிக்கொண்டிருந்தால் மற்றவர்களும் வெற்றியை மட்டுமே கொண்டுவருவார்கள். இல்லாதபோது உண்டாக்கியும் கொண்டுவருவார்கள். நாலைந்து வாரம் தொடர்ந்து ஒருவருடைய தாளில் ஒரே விஷயம் வந்துகொண்டிருந்தால் எல்லார் முன்னும் கேட்பதை நிறுத்திவிட்டு, தனியாக அவரோடு நடந்துகொண்டே பேசுங்கள். அங்கே வேறு ஏதோ இருக்கிறது.

## 8. ஜெபம்

ஜெபக்குறிப்புகளைச் சொல்வதிலேயே இருபது நிமிடமும் போய், “சரி, எல்லாவற்றையும் சேர்த்து ஒருவர் ஜெபியுங்கள்” என்று முடிவதை எல்லாக் குழுவிலும் பார்த்திருக்கிறேன். குறிப்புகளைத் தனியாகச் சேகரிக்காதீர்கள். ஒருவர் தன் பாரத்தை இரண்டு வாக்கியத்தில் சொல்லட்டும். பக்கத்தில் இருப்பவர் அப்போதே அவருக்காக ஜெபிக்கட்டும். அதற்குப் பிறகு அடுத்தவர்.

இங்கே இல்லாதவரைப் பற்றிய குறிப்புகளில் கவனமாயிருங்கள். “அந்தக் குடும்பத்துக்காக ஜெபிக்க வேண்டும், ஏனென்றால்…” என்று தொடங்கும் வாக்கியம் சில நேரம் புறங்கூறுதலில் போய் முடியும். காரணத்தைக் கேட்காமலே ஜெபிக்கலாம். தேவனுக்குத் தெரியும்.

துக்கத்தில் இருப்பவருக்கு உடனே வசனம் சொல்லாதீர்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் ஒன்றும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். வாய் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியபிறகுதான் தவறினார்கள்.

ஒரு நோட்டில் தேதியோடு குறிப்புகளை எழுதி, பக்கத்தில் பதில் எழுத ஒரு பத்தி காலியாக விடுங்கள். மூன்று மாதம் கழித்து அந்தப் பத்தியை நிரப்புவது எல்லாருடைய விசுவாசத்தையும் தாங்கும். பதில் வராதவற்றையும் மறைக்காமல் அப்படியே விடுங்கள்.

## 9. இரகசியமும் அதன் எல்லையும்

உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கள் என்று யாக்கோபு 5:16 சொல்கிறது. அதற்காக எல்லாப் பாவத்தையும் முழுக் குழுவின் முன் திறக்க வேண்டியதில்லை. ஆண்கள் இருவர் மூவராகவும் பெண்கள் இருவர் மூவராகவும் பிரிந்து பேசும் நேரம் மாதம் ஒருமுறை இருந்தால் அதற்கு இடம் கிடைக்கும்.

இரகசியம் காப்போம் என்று வாக்குக் கொடுக்கும்போதே அதன் எல்லையையும் சொல்லிவிடுங்கள். ஒரு குழந்தைக்குத் தீங்கு நடக்கிறது, ஒருவர் வீட்டில் அடிவாங்குகிறார், ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ள நினைக்கிறார் என்று தெரிந்தால், அதை ஜெபத்தோடு நிறுத்தக் கூடாது. பாதுகாப்பு, மருத்துவர், ஆலோசகர், தேவையானால் காவல்துறை என்று அன்றைக்கே உதவி தேட வேண்டும். அடிவாங்குகிறவரிடம் பொறுத்துப்போங்கள் என்று வசனம் காட்டுவது பெரிய தீங்கு. மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவரை விசுவாசம் குறைந்தவர் என்று யாரும் சொல்ல விடாதீர்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் எந்தக் குழுவுக்கும் கிடையாது.

## 10. பண உதவி

குழுவில் ஒருவருக்கு வேலை போகும், ஒருவர் மருத்துவமனையில் கிடப்பார். உதவாமல் இருக்க முடியாது, இருக்கவும் கூடாது. ஆனால் ஒருவர் கையில் மட்டும் பணம் சேரக் கூடாது. இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, எழுதிவைத்து, கொடுக்க வேண்டியவருக்குக் கொடுத்துவிட்டுக் கணக்கை முடியுங்கள். நன்கொடைப் பணத்தைக் கொண்டுபோகும்போது யாரும் குறைசொல்ல இடமிருக்கக் கூடாது என்று பவுலே கூடுதல் ஆட்களைச் சேர்த்துக்கொண்டார் (2 கொரிந்தியர் 8).

கடனாகக் கொடுக்காதீர்கள். திருப்பித் தர முடியாதவர் முதலில் உங்கள் கண்ணைத் தவிர்ப்பார், பிறகு கூட்டத்தைத் தவிர்ப்பார். முடிந்ததைத் தானமாகக் கொடுங்கள். யார் எவ்வளவு கொடுத்தார் என்பது வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டாம்.

## 11. மனஸ்தாபம் வரும்போது

வரும். மத்தேயு 18 சொல்லும் வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் இருவர் மட்டும் தனியாக, கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரோடு, அதன் பிறகே சபை. பெரும்பாலான குழுக்கள் தலைகீழாகச் செய்கின்றன. சம்பந்தப்பட்டவரைத் தவிர எல்லாருக்கும் முதலில் தெரிந்துவிடுகிறது. ஒருவர் உங்களிடம் வந்து மற்றவரைப் பற்றிக் குறைசொன்னால், “அவரிடம் பேசிவிட்டீர்களா?” என்று கேளுங்கள். பேசப் பயமென்றால் கூடவே போங்கள். ஒன்பதாம் படியில் சொன்ன தீங்குகளுக்கு இந்த வரிசை பொருந்தாது. தீங்கு செய்தவரைத் தனியாகச் சந்திக்கும்படி பாதிக்கப்பட்டவரை அனுப்பக் கூடாது.

## 12. பன்னிரண்டாம் வாரமும் அதற்குப் பிறகும்

சொன்னபடி நிறுத்தி, மூன்று கேள்வி கேளுங்கள்: தொடரலாமா, எதை மாற்றலாம், யார் விலக விரும்புகிறார். விலகுகிறவரை ஜெபித்து ஆசீர்வதித்து அனுப்புங்கள்.

தொடர்ந்தால், அப்போதிருந்தே வேறொருவரை நடத்தவிடுங்கள். முதலில் பாட்டும் ஜெபமும், பிறகு தீர்மானம் கேட்கும் நேரம், பிறகு வேதப் பகுதி. அவர் தடுமாறும்போது குறுக்கே புகுந்து காப்பாற்றாதீர்கள், முடிந்தபின் தனியாகப் பேசுங்கள். மோசே ஒருவனே காலைமுதல் மாலைவரை உட்கார்ந்திருந்ததைப் பார்த்துத்தான், இது உன்னால் தாங்கக்கூடியதல்ல என்று அவன் மாமன் எத்திரோ சொன்னான்.

பன்னிரண்டு பேரைத் தாண்டினால் இரண்டாகப் பிரியுங்கள். யாருக்கும் பிடிக்காது, அழுகைகூட வரும். இரண்டு மாதம் முன்பே சொல்லுங்கள். நெருங்கிய நண்பர்களைப் பிரித்துப்போடாதீர்கள், ஆனால் எல்லாரும் ஒரே பக்கம் சாயவும் விடாதீர்கள். முதல் சில மாதம் இரண்டு குழுவும் ஒரே புத்தகத்தை வாசித்து, மாதம் ஒருமுறை சேர்ந்து கூடட்டும். புதிய குழுவை நடத்தப்போகிறவரிடம் பழைய ஜெப நோட்டைக் கொடுத்து அனுப்புங்கள். தன்னோடு வருகிறவர்களின் பாரங்கள் என்னென்ன என்று அவர் முதல் நாளே அறிந்திருப்பார்.